தூக்கிப் போட்ட மரச்சாமான்: எது தேறும், எது தேறாது?

நங்கநல்லூர்க்காரி | ஞாயிறு காலை

எங்கள் அடுக்ககத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். எல்லோரும் வாடகை வீடு பார்த்துக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். போகிற போக்கில் பாதிச் சாமானை வண்டி நிறுத்தும் இடத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள். சங்கச் செயலாளரிடம் கேட்டேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். வியாழக்கிழமை காயலான் கடைக்காரர் வந்து மிச்சத்தை மொத்தமாக அள்ளிக்கொள்வார்.

கிடப்பவை இவை: கால் ஆடுகிற பழைய மேசை (தேக்கு என்று வாட்ச்மேன் அண்ணன் சத்தியம் செய்கிறார்), துணி கிழிந்த ஈசிசேர், ஒயர் அறுந்த இரும்பு நாற்காலி இரண்டு, நீல எனாமல் அடித்த சின்ன அலமாரி, அடிப்பக்கம் உப்பிப்போன புத்தக அடுக்கு, தோல் உரிகிற பெரிய சோபா, ஒரு மரக்கட்டில்.

நான் போகிற வீடு சின்னது, எல்லாவற்றையும் எடுக்க முடியாது. தச்சு வேலையும் தெரியாது. சுத்தியல், திருப்புளி, சின்ன டிரில் மெஷின், ஒரு பால்கனி, இவ்வளவுதான் கையிருப்பு. வீடியோவில் பார்த்தால் எல்லாம் அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆகிவிடுகிறது. நிஜத்தில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?


இழைப்புளி | ஞாயிறு காலை

முதலில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள் அம்மா. மேல்பக்கம் பொய் சொல்லும், அடிப்பக்கம் சொல்லாது.

மேசையின் அடியில் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். பலகையின் மேலே ஓடுகிற ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். தூளை அமுக்கி வைத்ததுபோல் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. தேக்கா இல்லையா என்பதற்கு, யாருக்கும் தெரியாத மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தோல் வாசனை மாதிரி ஒன்று அடிக்கும், தூள் விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். வாட்ச்மேன் அண்ணன் சொன்னது அப்போது தெரிந்துவிடும்.

அடுத்தது ஓட்டை. குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகள் இருந்து, தட்டினால் மாவு கொட்டினால் உளு உள்ளே இன்னும் வேலை பார்க்கிறது. ஓட்டை இருந்தும் மாவு இல்லையென்றால் பழைய கதை, பயப்பட வேண்டாம். கரையான் வேறு ரகம். அது மண்ணைப் பூசி வரும், மேலே தோல் நன்றாக இருக்கும், உள்ளே கூடாகிவிடும். திருப்புளி முனையால் கால்களின் அடிப்பாகத்தைக் குத்திப் பாருங்கள், பிஸ்கட் மாதிரி உள்ளே போனால் அந்தச் சாமானை அப்படியே விட்டுவிடுங்கள்.

கால் ஆடுவது ஒரு குறையே இல்லை. பழைய சாமான் என்றால் ஆடத்தான் செய்யும். மரம் நன்றாக இருந்து கால் ஆடினால் எடுங்கள். கால் கெட்டியாக நின்று மரம் உளுத்திருந்தால் விடுங்கள்.


முடிச்சூர் வெள்ளம் | ஞாயிறு மதியம்

புத்தக அடுக்கை யோசிக்காமல் விட்டுவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்க்ரூ பிடிக்காது, ஃபெவிக்கால் பிடிக்காது. மேலே ஒட்டுத்தாள் ஒட்டி அழகு பார்க்கலாம், புத்தகம் வைத்தால் நடுவில் குழியும்.

அதே வெள்ளத்தில் என் மாமியாரின் தேக்கு அலமாரி இடுப்பளவு தண்ணீரில் நின்றது. நிழலில் வைத்துக் கதவைத் திறந்துபோட்டு மெதுவாகக் காயவிட்டோம். வெயிலில் போடவில்லை, போட்டிருந்தால் வெடித்திருக்கும். இன்றைக்கும் அதில்தான் பட்டுப்புடவைகள் இருக்கின்றன.

பிளைவுட் என்றால் பின்பக்கம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ் 710 என்று இருந்தால் மரைன் பிளை, தண்ணீர் தாங்கும், எடுக்கலாம். ஐஎஸ் 303இல் இரண்டு ரகம் உண்டு. எம்ஆர் என்று போட்டிருந்தால் ஈரக்காற்றைத்தான் தாங்கும், தண்ணீரில் நின்றால் அடுக்கு பிரியும்.


வண்ணத்துப்பூச்சி | ஞாயிறு மதியம்

அந்த மேசையை எடுங்க!! சாக் பெயின்ட் அடிக்கலாம். கடையில் வாங்கினால் விலை, வீட்டிலேயே கலக்கலாம்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, எமல்ஷன் பெயின்ட் மூன்று பங்கில் கலந்தால் போதும். சீக்கிரம் கெட்டியாகிவிடும், அதனால் அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்கணும். பழைய பாலிஷை முழுக்கச் சுரண்ட வேண்டாம், லேசாகத் தேய்த்தால் போதும். வெளிர் பச்சை அடித்து, மேலே வெள்ளையில் சிக்குக் கோலம் போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? புள்ளி வைக்க பட்ஸ் போதும்.


இழைப்புளி | ஞாயிறு மாலை

தேக்கின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா? நல்லா இருக்கும்மா நல்லா இருக்கும்.


வண்ணத்துப்பூச்சி | ஞாயிறு மாலை

சார், கோபப்படாதீங்க. குப்பைக்குப் போகிற மேசை. பெயின்ட் அடித்தாவது யாராவது பயன்படுத்தினால் நல்லதுதானே? இருட்டான சின்ன வீட்டில் கருப்பாக ஒரு தேக்கு மேசையைப் போட்டால் அறையே இன்னும் சின்னதாகிவிடும். தேக்கு என்றால் சாமியா?


இழைப்புளி | ஞாயிறு இரவு

கோபம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

தேக்கின் ரேகைகளில் நுண்துளைகள் உண்டு. பெயின்ட் அதில் இறங்கி உட்கார்ந்துவிடும். பின்னாளில் உங்கள் மகளுக்கு மரமாகவே வேண்டும் என்று தோன்றினால், மேலே உள்ளதைச் சுரண்டலாம், துளைக்குள் இருக்கும் பச்சையை எடுக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் மரத்தையே இழைத்துத் தள்ள வேண்டியிருக்கும்.

பெயின்ட் அடித்தே தீருவேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. முதலில் அரக்குப் பாலிஷ், அதாவது பிரெஞ்சு பாலிஷ், இரண்டு கை கொடுத்துவிடுங்கள். அது துளைகளை மூடிக்கொள்ளும். அதன் மேல் என்ன நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள். பின்னால் எடுக்க நினைத்தால் பெரும்பாலும் சுத்தமாக வந்துவிடும். தேக்கில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் பெயின்ட் வழியாகக் கறையாக மேலே வராது. மாமரம், வேம்பு, பாக்கிங் மரம் என்றால் கேட்கவே வேண்டாம், நேரே அடியுங்கள், நானும் வந்து கோலம் போடுகிறேன்.


வண்ணத்துப்பூச்சி | ஞாயிறு இரவு

இது நல்ல யோசனை சார். கோலத்துக்கு வந்துடுங்க.


நங்கநல்லூர்க்காரி | திங்கள் காலை

கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். முழு மரம், தேய்த்தால் அந்த வாசனை இருக்கிறது. ஓட்டை இல்லை. ஒரு கால் மட்டும் கையோடு வருகிற மாதிரி ஆடுகிறது. மேல்பலகையில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். இதை எப்படி ஒட்டுவது? எல் வடிவ இரும்புப் பட்டை வைத்து ஸ்க்ரூ அடித்துவிடலாமா?


இழைப்புளி | திங்கள் காலை

வேண்டாம். இரும்புப் பட்டை வைத்தால் ஆடுவது நிற்காது, ஆறு மாதத்தில் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிக் காலே பிளந்துவிடும். மரத்துக்குள் இருக்கும் பிடிப்பைத்தான் சரி செய்ய வேண்டும்.

மேசையின் சுற்றுச் சட்டத்தின் நுனியில் ஒரு கழுந்து இருக்கும், அது காலில் குடைந்த துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் வச்சிரம் என்ற பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். வச்சிரம் வறண்டு உதிர்ந்துவிட்டது, அதனால்தான் ஆடுகிறது. காலை மெதுவாகக் கழற்றுங்கள். நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள், ஒரு கட்டைத்துண்டை இடையில் வைத்துத் தட்டுங்கள். குறுக்கே ஆணி அடித்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கழுந்து முறியும்.

கழன்று வந்ததும் பழைய வச்சிரத்தைச் சுரண்ட வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்று நேரம் வைத்தால் இளகி ஜெல்லி மாதிரி வரும், மழுங்கிய கத்தியால் வழித்துவிடலாம். துளைக்குள்ளும் சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் மேலேயே ஃபெவிக்காலை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். ஃபெவிக்கால் மரத்தோடு மரத்தை ஒட்டும், பழைய பசையின் மேல் நிற்காது. அப்புறம் ஒருநாள் நன்றாகக் காயட்டும்.

பிறகு கழுந்தைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் ஃபெவிக்காலை அதிகம் விட்டு நிரப்பலாம் என்று நினைக்க வேண்டாம், இடைவெளியை நிரப்புகிற வேலை அதற்குத் தெரியாது. தச்சுப் பட்டறையில் இழைப்புச் சீவல் சும்மா கொடுப்பார்கள். அதில் ஒரு சீவலைக் கழுந்தின் மேல் ஒட்டிக் காயவைத்து, இறுக்கமாக உள்ளே போகிற அளவுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பக்கமும் பசை தடவி மாட்டுங்கள். கிளாம்ப் இல்லை என்று கவலை வேண்டாம். நான்கு கால்களையும் சுற்றிக் கெட்டியான கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்கக் கயிறு இறுகும், கழுந்து உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும், ஓரத்தில் பசை பிதுங்கும். கால் விளிம்பில் கயிறு அழுந்தாமல் பழைய துணி வையுங்கள். குச்சி திரும்பிவிடாமல் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். மேலே பலகை இருக்கிறதே, கோணலாகுமா என்று கேட்பீர்கள். ஆகும். ஒரு நூலை எடுத்து எதிரெதிர்க் கால்களுக்கு இடையே குறுக்காக அளந்து பாருங்கள், இரண்டு குறுக்கும் ஒரே நீளம் இருந்தால் சதுரம் சரி. இல்லையென்றால் பசை காய்வதற்குள் கையால் தள்ளிச் சரி செய்துவிடுங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைக்காவிட்டால் பின்னால் அந்த இடத்தில் மட்டும் பாலிஷ் ஏறாது, திட்டுத்திட்டாகத் தெரியும். முழுதாக ஒருநாள் தொடக் கூடாது.


பெரம்பூர் லோகோ | திங்கள் மாலை

வெள்ளை வட்டம் இருக்கிறது என்றால் அது பிரெஞ்சு பாலிஷாக இருக்கலாம், சூடான காபி டம்ளர் வைத்த தடம். ஒரு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்க. பிசுபிசுத்துக் கையோடு வந்தால் பிரெஞ்சு பாலிஷ்தான். அதுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். ரெண்டுக்கும் அசையலை என்றால் வார்னிஷ், மெலமைன், பியு (பாலியூரித்தேன்) என்று ஏதாவது, உப்புத்தாளால் தேய்த்துத்தான் எடுக்கணும்.

பிரெஞ்சு பாலிஷ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழசைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலேயே புதுசைக் கொடுக்கலாம், ஒன்றோடு ஒன்று கரைந்து ஒட்டிக்கொள்ளும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, லேசாக நனைத்து, நிற்காமல் ஓட்டிக்கொண்டே போகணும். ஒரே இடத்தில் நின்றால் பிடித்து இழுக்கும். ஆனால் சாப்பாட்டு மேசையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இது தாங்காது, சூடும் தண்ணீரும் ஆகாது. அதுக்கு மேல்பலகைக்கு மட்டும் பியு அடிங்க.

நீல அலமாரி பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அது எத்தனை வருஷப் பெயின்ட்?


நங்கநல்லூர்க்காரி | திங்கள் மாலை

அதை வைத்திருந்த மாமி, எண்பதுகளில் அவர் கணவர் அடித்தது என்றார். அப்பாவின் காலத்து அலமாரியாம், அடியில் என்ன மரம் என்று அவருக்கும் தெரியவில்லை. தேய்த்துப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.


பெரம்பூர் லோகோ | திங்கள் இரவு

தேய்க்காதீங்க. நம் நாட்டில் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று வரம்பு வைத்த விதி 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில் இருந்துதான் நடைமுறை. எண்பதுகளில் அடித்த எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளணும். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பளிச்சென்ற நிறம் என்றால் இன்னும் சந்தேகம். காய்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கும்.

பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைத் தொந்தரவே செய்யாதீங்க. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல பிரைமர் ஒரு கை, மேலே புதுப் பெயின்ட் ரெண்டு கை. உள்ளே அடைந்து கிடந்தால் ஒன்றும் செய்யாது. உரிந்திருந்தால் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே, வாட்டர் எமரியில் தேய்த்து, அந்தச் சேற்றைப் பழைய பேப்பரில் வழித்துக் கட்டிப் போடுங்க. முகத்துக்கு என்95. ஹீட் கன் வைத்துச் சுடவே கூடாது, புகையாக உள்ளே போகும். அப்புறம் அந்த அலமாரியில் அரிசி பருப்பு, குழந்தை பொம்மை எதுவும் வேண்டாம். செருப்பு வைக்கலாம், இஸ்திரிப்பெட்டி வைக்கலாம்.

எனக்குக் கேட்டால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதை எடுக்காமலே விடுவேன்.


நங்கநல்லூர்க்காரி | திங்கள் இரவு

இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். அலமாரி கேன்சல்.


வண்ணத்துப்பூச்சி | திங்கள் இரவு

இது எனக்கே புதுச் செய்தி. நான் பழைய ஜன்னல் சட்டங்களை எல்லாம் வாங்கித் தேய்க்கிறேன். இனி ஈரமாகத்தான்.


ஒயர்கூடை அக்கா | செவ்வாய் காலை

எல்லோரும் மேசையைச் சுற்றியே நிற்கிறீர்கள். அந்த இரும்பு நாற்காலி இரண்டையும் யாரும் கண்டுகொள்ளவில்லையே? இருக்கிறதிலேயே லாபம் அதுதான்! எங்கள் தெருவில் யார் ஒயர் நாற்காலியைத் தூக்கிப் போட்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நித்தமும் ஒயர் கூடை பின்னுகிற கை என்பதால் சொல்கிறேன், இது கூடையைவிடச் சுலபம். முதலில் பழைய ஒயரை முழுக்க வெட்டி எடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே தொடங்கி எங்கே முடிந்திருக்கிறது என்று பின்னால் தேவைப்படும். சட்டத்தில் துருவை எமரித் தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. அவசரப்படாமல் நன்றாகக் காயவிடுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருந்தால் இறுக்கிச் சுற்றும்போது ஒயர் அதில் ஒட்டி உரித்துக்கொண்டு வரும்.

ஒயரை வாங்கியதும் அப்படியே பின்ன உட்காராதீர்கள். கட்டைப் பிரித்துச் சற்று நேரம் வெயிலில் போட்டால் இளகும், சுருள் போகும். முதலில் முன்னிருந்து பின்னாக நெருக்கமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் வீணைத் தந்தி மாதிரி இறுக்கமாக இருக்கணும், விரலால் சுண்டினால் சத்தம் வரணும். தொய்வாக விட்டால் உட்கார்ந்த அன்றைக்கே குழி விழும். ஒருவர் சுற்ற, இன்னொருவர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டால் நல்லது. அப்புறம் குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே. கடைசி நான்கைந்து வரிசைதான் கஷ்டம், ஒயர் இறுகி விரல் நுழையாது. மழுங்கிய கொண்டையூசி ஒன்றை வளைத்து ஒயரை அதில் கோத்து இழுங்கள். முடிச்சு எல்லாம் அடிப்பக்கம்தான் வரணும்.

சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு எல்லாம் தெரிந்தவர்களுக்கு உட்காரும் பலகையிலும் போட்டுக் காட்ட ஆசை வரும். வேண்டாம். கூடைக்கு அழகு, உட்கார்ந்தால் குத்தும், தொடையில் அச்சு விழும். இரண்டு மேலே இரண்டு கீழே என்று ஒரு வரிசைக்கு ஒன்று தள்ளிப் பின்னினால் சாய்கோடு சாய்கோடாக வரும், அதுவே போதும். ஆசைக்கு முதுகுப் பக்கம் சிவன் கண் போடுங்கள்.

மொட்டைமாடியில், பால்கனியில் நாள் முழுக்க வெயிலில் விடாதீர்கள். பிளாஸ்டிக் ஒயர் மொறுமொறுவென்று ஆகி ஒருநாள் மொத்தமாக அறும்.


பாரிமுனை பிரம்பு | செவ்வாய் மதியம்

ஒயருக்குப் பதில் பிரம்பு பின்னலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். பிரம்பை ஊறவைத்து ஈரமாகவே பின்ன வேண்டும், காயும்போது தானாக இறுகும். எண்கோணக் கண் வருகிற பழைய பின்னல் ஆறு கட்டமாகப் போகும், வீட்டில் முதல் முயற்சிக்கு ஆகாது. அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளைப் பின்னித் தந்தவர்களில் பார்வையற்ற கைவினைஞர்கள் நிறையப் பேர். விரல் தடவலிலேயே இழுவிசை பார்ப்பார்கள். அப்படி ஒருவர் பின்னிய நாற்காலி எங்கள் வீட்டில் இருக்கிறது, இன்னும் தொய்யவில்லை. உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.


முடிச்சூர் வெள்ளம் | செவ்வாய் மதியம்

ஈசிசேர் மரம் நன்றாக இருந்தால் கண்டிப்பாக எடுங்கள். அதற்குத் துணி ஒன்றுதான் செலவு. கிழிந்த துணியைப் பிரித்து அதையே அளவாக வைத்துக் கெட்டிக் கேன்வாஸில் வெட்டுங்கள். மேலும் கீழும் கம்பு நுழைகிற மடிப்புத்தான் எடையைத் தாங்கும் இடம், அங்கே இரட்டை மடிப்பு மடித்து நான்கு வரிசைத் தையல் போடச் சொல்லுங்கள். வீட்டுத் தையல் மெஷின் ஊசி முறியும், பை தைக்கிறவரிடம் கொடுங்கள். துணியைக் குட்டையாக வைத்தால் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும், நீளமாக வைத்தால் இடுப்பு தரையைத் தொடும். அதனால் பழைய துணி எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள்.


தாம்பரம் தட்டுமுட்டு | செவ்வாய் மாலை

கட்டில் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்: மூட்டைப்பூச்சி.

டார்ச் அடித்து மூட்டுகளிலும் ஆணி ஓட்டைகளிலும் பாருங்க. பேனா மை சிந்தின மாதிரி கருப்புப் புள்ளிகள், பழுப்பு நிறத்தில் தோல் சட்டைகள். இருந்தால் தொடாதீங்க. ரத்தம் குடிக்காமலேயே மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜீவன் அது, காலி வீட்டுக் கட்டில் என்று நம்பக் கூடாது. 50 டிகிரிச் சூட்டில் முட்டையோடு செத்துவிடும். மே மாசம் என்றால் கருப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி மொட்டைமாடியில் போட்டுப் பார்க்கலாம். இந்தப் புரட்டாசி வெயிலில் மர மூட்டுக்குள்ளே அந்தச் சூடு போகும் என்று நம்பிக்கை இல்லை. இரும்புக் கட்டில் என்றால் கொதிநீர் ஊற்றிவிடலாம், மரக்கட்டிலில் ஊற்றினால் மூட்டுப் பசை விட்டுவிடும்.

சோபாவுக்கும் இதே பரிசோதனைதான், அதில் ஒளிய இடம் இன்னும் அதிகம்.


பெரம்பூர் லோகோ | செவ்வாய் இரவு

சோபாவுக்கு இன்னொரு பரிசோதனை. முன்கால் ஒன்றை அரை அடி தூக்குங்க. எதிர் முன்கால் கூடவே எழும்பினால் சட்டம் கெட்டி. அது தரையிலேயே இருந்து சோபா முறுக்கிக்கொண்டால் சட்டம் காலி. தோல் உரிவது துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் அது சிதைந்து உரியும், மேலே எதை ஒட்டினாலும் அதோடு சேர்ந்து உரியும். முழுக்கக் கழற்றிப் புதுத் துணி, புது ஃபோம் போடணும். உட்காரும் இடத்துக்குக் குறைந்தது 32 டென்சிட்டி, 40 என்றால் இன்னும் நல்லது. கணக்குப் போட்டால் புது சோபா விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.


நங்கநல்லூர்க்காரி | புதன் காலை

தூக்கிப் பார்த்தேன், முறுக்கிக்கொண்டது. கட்டில் மூட்டில் கருப்புப் புள்ளியும் இருக்கிறது. இரண்டும் வேண்டாம். ஆனால் காயலான் கடைக்காரர் சோபாவை எடுக்க மாட்டேன் என்கிறார், இரும்பு இல்லையாம். மரமும் தேறாது என்கிறார். அதை என்ன செய்வது? சிலர், ‘போகிக்கு இன்னும் மூன்று மாசம்தானே, ஓரமாகக் கிடக்கட்டும்’ என்கிறார்கள்.


தாம்பரம் தட்டுமுட்டு | புதன் காலை

ஃபோமையும் ரெக்சினையும் போகியில் போட்டு எரிக்கிற புண்ணியவான்கள் எங்கள் தெருவிலும் உண்டு. 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியவில்லை, நங்கநல்லூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லணுமா?

மாநகராட்சி 1913க்கு அடிங்க. சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தை எல்லாம் வாசலுக்கு வந்து எடுத்துக்கொள்கிற ஏற்பாடு 2025இல் தொடங்கியிருக்கிறது, முன்கூட்டியே பதிந்து வைக்கணும். கட்டிலின் மேல் ‘மூட்டைப்பூச்சி’ என்று பெரிதாக எழுதி ஒட்டிடுங்க. இல்லையென்றால் ராத்திரி யாராவது ஆசையாகத் தூக்கிக்கொண்டு போவார்கள்.


இழைப்புளி | புதன் மாலை

மேசை வேலையைத் தள்ளிப் போடாதீர்கள் அம்மா. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பாலிஷ் கெட்டுவிடும். ஈரக்காற்றில் பிரெஞ்சு பாலிஷோ லாக்கரோ அடித்தால் மேலே வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நல்ல வெயில் நாளில் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். மழை முந்திக்கொண்டால் கால் மூட்டுகளை மட்டும் ஒட்டிவிட்டு, பாலிஷைத் தைக்கு வைத்துக்கொள்ளலாம். மேசை ஓடிப் போகாது.

தேய்ப்பது எப்போதும் ரேகை ஓடுகிற திசையில். 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, பிறகு 220. குறுக்கே ஒரே ஒரு இழுப்பு இழுத்தாலும் அப்போது தெரியாது, பாலிஷ் பட்டதும் கீறலாகத் தெரியும். கடைசியில் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு போக.


நங்கநல்லூர்க்காரி | வியாழன் இரவு

மேசை, ஈசிசேர், இரும்பு நாற்காலி இரண்டு. மீன்பாடி வண்டியில் ஏற்றிப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. சோபாவுக்கு 1913இல் பதிந்திருக்கிறேன். மேசைக்கு ஒரு டிராயர் இருக்கிறது, பாதியில் சிக்கிக்கொள்கிறது, அதன் கைப்பிடியும் காணோம். பித்தளையில் பழைய மாதிரி கைப்பிடி எங்கே கிடைக்கும்?


தாம்பரம் தட்டுமுட்டு | வியாழன் இரவு

நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே? பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை. பழைய வீடுகளை இடித்த இடத்திலிருந்து வந்த கீல், கொண்டி, கைப்பிடி எல்லாம் தார்ப்பாயில் கொட்டி வைத்திருப்பார்கள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு எங்கள் அப்பாவுக்கு அதுதான் கோயில். காலையிலேயே போங்க, வெயில் ஏறினால் நிற்க முடியாது. டிராயரில் இருக்கிற ஸ்க்ரூ ஓட்டை இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்க. பித்தளையா என்று சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்க, ஒட்டினால் முலாம்.


இழைப்புளி | வியாழன் இரவு

டிராயரை வெளியே எடுத்து, உராய்ந்து பளபளத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் லேசாகத் தேய்த்து, மெழுகுவர்த்தித் துண்டை அழுத்தித் தடவுங்கள். இழைத்துத் தள்ளிவிடாதீர்கள், இப்போது ஈரத்தில் உப்பியிருக்கிறது, மாசியில் தானாகச் சுருங்கும். இப்போது இழைத்தால் அப்போது லொடலொடக்கும்.


முடிச்சூர் வெள்ளம் | வெள்ளி காலை

நங்கநல்லூர் அக்கா, இரண்டு நாற்காலியில் ஒன்று உங்களுக்குப் போதும் என்றால் இன்னொன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒயர் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன். என்ன நிறம்?


நங்கநல்லூர்க்காரி | வெள்ளி காலை

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை வாங்க, சேர்ந்து பின்னுவோம், எதிர்ப்பக்கம் பிடிக்க எனக்கும் ஆள் வேண்டும். எனக்கு மஞ்சளும் கருப்பும். ஒயர்கூடை அக்கா, ஒரு நாற்காலிக்கு எத்தனை கட்டு ஆகும்?


ஒயர்கூடை அக்கா | வெள்ளி மதியம்

சட்டத்தின் அகலம் பார்க்காமல் சொல்ல முடியாதும்மா. அளந்து போடுங்கள், சொல்கிறேன். எப்படியானாலும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் ஒரு கட்டு கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். அடுத்த தடவை போனால் அதே மஞ்சள் கிடைக்காது.